ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். 'ரூல்ஸ் அக்கா' என்று எனக்குப் பட்டப்பெயர் இருப்பதும் எனக்குத் தெரியும். வைத்தவர் தெரு முனையில் இருக்கும் பேக்கரிக்காரர். அந்த ஆளை வாயில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் தெருவில் மொத்தம் முப்பத்தெட்டு வீடு. ஒரு முனையில் பெரிய ரோடு, மறு முனையில் நெடுஞ்சாலை. நெடுஞ்சாலையிலிருந்து வண்டிகள் எங்கள் தெருவுக்குள் இறங்கி வர ஒரு சாய்வுப் பாதை உண்டு. நாங்கள் அதை 'இறக்கம்' என்போம். முன்பெல்லாம் அதில் இறங்கி வந்தது நாங்களும் எங்கள் வீடுகளுக்கு வருகிறவர்களும்தான். பிறகு எவனோ ஒரு புண்ணியவான், அடுத்த சிக்னலில் அரை மணி நேரம் காய்வதை விட இந்த இறக்கத்தில் இறங்கி எங்கள் தெருவில் புகுந்து போனால் நேரத்தோடு ஆபீஸ் போகலாம் என்று கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். போனில் வழி சொல்கிற பெண் குரலும் சேர்ந்துகொண்டு ஊருக்கே சொல்லிவிட்டது. அதிலிருந்து காலை ஏழு முதல் ஒன்பதரை வரை எங்கள் தெருவில் ஒரு பூனைகூட ரோட்டைக் கடக்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை நான் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினேன். இரண்டரை மணி நேரத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு வண்டிகள். அதில் ஒன்று என் தம்பியுடையது. அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன். நான் அப்படித்தான்.

தம்பி லிப்ட் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், குழந்தை குட்டியோடு வாடகை வீட்டில் இருந்தான். கம்பெனி வேனில் தினமும் ஏழு பத்துக்கு இறக்கத்தில் இறங்கி வருவான். ஏழரைக்குக் கிளம்பிவிடுவான். எட்டு மணிக்கு டிப்போவில் கைரேகை வைக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில்தான் எங்கள் வீட்டின் நாள் ஓடியது.

ஏனென்றால் அப்பா. நாற்பது வருடம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நாலைந்து சொல் மிச்சம், அதுவும் நாள் நன்றாக இருந்தால். புத்தி மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. அதுதான் கொடுமை. அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். தம்பி பின்னால் நின்று அக்குளுக்குள் கை விட்டு மார்போடு சேர்த்துப் பிடிப்பான். நான் முழங்காலுக்கு அடியில் பிடிப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. உட்கார வைத்ததும் அவன் ரேசரை எடுப்பான். சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே, முந்தின நாள் எந்தக் கட்டடத்தில் எந்த லிப்ட் நின்றது, உள்ளே மாட்டிக்கொண்டவர் யார், அவர் என்னென்ன சாமியைக் கூப்பிட்டார் என்று கதை விடுவான். பாதி புளுகு என்று எனக்கே தெரியும்போது அப்பாவுக்குத் தெரியாதா? ஆனாலும் சிரிப்பார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும்.

"ஆடாதீங்கப்பா, மீசை போயிடும்," என்பான் தம்பி.

மூன்று வருடமாக அப்பா சிரித்தது அந்த நேரத்தில்தான். என்னிடம் சிரித்ததில்லை. மாத்திரை கொடுப்பவளிடமும் துணி மாற்றுபவளிடமும் யாருக்குச் சிரிப்பு வரும்?

எட்டு மணிக்கு நான் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்கிற வேலை. ஒரு மணி வரை எழுந்திருக்க முடியாது. தெருவில் அடிக்கிற ஹாரன் போனில் கேட்டு, "ஏம்மா, நடு ரோட்டுலயா உக்காந்திருக்கீங்க?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல இருக்கும்.

பிறகு எதிர்வீட்டுப் பெண்ணை வண்டி இடித்தது. ஏழு வயது. ஸ்கூல் பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தாள். சக்கரம் காலில் ஏறிவிட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடினேன். காரிலிருந்து இறங்கியவன் முதலில் பார்த்தது அவளை இல்லை, கைக்கடிகாரத்தை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். குழந்தை பிழைத்தாள். தொடையில் கம்பி வைத்தார்கள். அவளுடைய அம்மா அன்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதாவது பண்ணுங்கக்கா," என்றாள்.

பண்ணினேன். தெரு சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மாநகராட்சிக்கு எழுதினேன், நேரில் போய் நின்றேன், என் வண்டிக் கணக்கை மேஜையில் போட்டேன். நாலு மாதம் கழித்து ஒரு அதிகாரி படிவத்தோடு வந்தார். இறக்கத்தில் ஒரு தடுப்புக் கம்பம் போடுவார்களாம். கேமரா நம்பரைப் படித்துப் பார்த்து, தெருவில் இருப்பவர்களின் சொந்த வண்டியென்றால் கம்பம் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தானாகத் தூக்கும். வீட்டுக்கு ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் சம்மதித்தால் போட்டுவிடுவார்கள். படிவத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: ஒவ்வொரு வீடும் வெளியாள் வண்டி ஒன்றைப் பதிவு செய்துகொள்ளலாம்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. தம்பி வேன் நம்பரை அப்போதே ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கூட வைத்தேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்து அறையில் நடந்தது. தெரு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. குழந்தைகள் இருக்கிற வீடெல்லாம் ஒரு பக்கம். பேக்கரிக்காரரும், கார் கழுவுகிறவரும், வாடகைக்கு விட்டவர்களும் மறு பக்கம். பேக்கரிக்காரருக்குக் காலையில் இறங்கி வருகிற கூட்டம்தான் வியாபாரமே. அவர் வயிற்றில் அடிக்கிறேன் என்று அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான், இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை.

"ரூல்ஸ் அக்கா, ஒரே ஒரு சந்தேகம்," என்று எழுந்தார் அவர். "வீட்டுக்கு ஒரு வெளி வண்டின்னு போட்டிருக்கே, அந்த லிஸ்ட்ல மொத நம்பர் யாருது? லிப்ட் கம்பெனி வேனுங்களா?"

கூட்டம் சிரித்தது. என் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள்.

"கண்டவன் வண்டி எல்லாம் வரக்கூடாது, நம்ம தம்பி வண்டி மட்டும் ஜம்முனு வரலாம். நல்ல ரூலுக்கா. ஊருக்குத்தான் உபதேசம்!"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைத் துடைத்துப் போட என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

"எனக்குன்னு ஒரு சலுகையும் வேணாம்," என்றேன். "யாருக்கும் வேணாம். வெளி வண்டின்னா வெளி வண்டிதான். அது என் தம்பியா இருந்தாலும் சரி, என்னைப் பெத்தவரா இருந்தாலும் சரி. இந்த வரிய எடுத்துடுங்க."

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் அதிகாரி. "அப்புறம் சேக்கறது கஷ்டம். மறுபடி ஓட்டு வைக்கணும்."

"எடுங்க சார்," என்று சொல்லிவிட்டு, அவர் எடுக்கும்வரை காத்திருக்கவில்லை. என் பேனாவால் நானே அந்த வரியின் மேல் கோடு போட்டேன். ஓரத்தில் கையெழுத்தும் போட்டேன். பேக்கரிக்காரர் உட்கார்ந்துவிட்டார். தயங்கிக்கொண்டிருந்த ஐந்தாறு வீடு எங்கள் பக்கம் சாய்ந்தது. இருபத்திரண்டுக்குப் பதினாலு. ஜெயித்துவிட்டோம்.

கைதட்டும்போதுதான் வாசலைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தம்பி வந்திருந்தான். தெருவாசி இல்லை என்பதால் உள்ளே வராமல் கதவோரம் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவனும் கைதட்டினான்.

வீட்டுக்கு நடக்கும்போது, "சரியாத்தான்கா பேசின," என்றான். "அந்தாளு மூஞ்சியப் பாக்கணுமே."

அவன் ஏதாவது வழி பண்ணிக்கொள்வான் என்று நான் நினைத்தேன். தம்பிகளைப் பற்றி அக்காக்கள் எப்போதும் அப்படித்தான் நினைக்கிறோம். சின்ன வயதிலிருந்து அவனும் அப்படித்தான் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான்.

கம்பம் வந்தது. சத்தம் ஒரே நாளில் நின்றது. காலையில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டில் தோசைக்கரண்டி விழுவது கேட்டது. இரண்டு வாரத்தில் எதிர்வீட்டுப் பெண் ஊன்றுகோலோடு தனியாக ரோட்டைக் கடந்து வந்து எங்கள் வாசலில் நின்று, "நானே வந்தேன்," என்றாள். இன்று வரைக்கும் அந்தக் கம்பம் வந்ததற்காக நான் வருத்தப்பட்டதில்லை. என் வருத்தம் வேறு.

கம்பம் தூக்காதவன் நெடுஞ்சாலையில் ஒன்பது கிலோமீட்டர் மேலே போய், அடுத்த வழியில் இறங்கி, சிக்னல் சிக்னலாகத் திரும்பி வர வேண்டும். காலை நேரத்தில் ஐம்பது நிமிடம். ஏழுக்கு முன்னால் தம்பியால் கிளம்ப முடியாது. பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும், அவன் மனைவி அதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவாள். வேனோ கம்பெனியுடையது. என் பெயரில் பதிந்துகொள்ளவும் வழியில்லை. முதல் வாரம் இரண்டு நாள் சுற்றி வந்தான். இரண்டு நாளும் டிப்போவுக்கு லேட்.

மூன்றாம் நாள் சரியாக ஏழு பத்துக்கு வந்து நின்றான். மூச்சு வாங்கியது. "எப்படிடா வந்த?" என்றேன். சிரித்தான். அப்பாவும் சிரித்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. எப்படி வந்தான் என்பது அந்த வெள்ளிக்கிழமை தெரிந்தது. கம்பத்துக் கேமராவில் பதிவான அத்துமீறல்களை வாரா வாரம் செயலாளருக்கு அனுப்ப வேண்டும் என்று நானே எழுதிக் கேட்டிருந்தேன். முதல் படத்தில் என் தம்பி இருந்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் வேனை நிறுத்திவிட்டு, கம்பத்துக்குக் கீழே குனிந்து ஓடி வருகிறான். திருடன் மாதிரி. கீழே அபராத எண்ணும், 'மறுமுறை ஓட்டுநர் உரிமம் ரத்து' என்ற எச்சரிக்கையும்.

அவனுக்கு லைசென்ஸ் போனால் வேலை போகும். நானே போன் செய்து, இனிமேல் அப்படி வராதே என்றேன்.

"அப்பாவ யாருக்கா தூக்குவா?"

"நான் பாத்துக்கறேன்."

"தனியா முடியாதுக்கா."

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல!"

 பிறகு, "ஞாயித்துக்கிழமை வரேன்," என்றான்.

என்னால் முடியவில்லை. ஒரு நாள் தூக்கப் போய் அவரோடு நானும் கட்டிலில் சரிந்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் அப்பா நாலு நாள் வந்தார். நல்ல மனிதர், பலசாலி. ஆனால் அப்பா உடம்பை விறைத்துக்கொண்டார். அந்த மனிதர் ரேசரை எடுத்தால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அடம்பிடிக்கிற குழந்தையை அடிக்கலாம், அப்பாவை என்ன செய்வது? காலையில் ஏழு மணியிலிருந்தே அவர் பார்வை வாசல் பக்கம் போய்விடும். எட்டு மணிக்கு நான் ஹெட்போனை மாட்டும்போதுதான் கூரைக்குத் திரும்பும். வாரத்தில் ஆறு நாள் படுத்தே கிடந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "உக்கார வைக்கணும்மா, இல்லன்னா நெஞ்சுல சளி கட்டும்," என்றார். கோபத்தில் அவரிடமும் கத்தினேன்.

சங்கத்தில் போய், அந்த வரியைத் திரும்பச் சேருங்கள் என்று நான் கேட்டிருக்கலாம்தானே? கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் ஒருவர் கேட்டுவிட்டார். மூலை வீட்டு டிராயிங் மாஸ்டர். மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். மகள் வேலைக்குப் போகிற வழியில் இறங்கி வந்து அவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போவாள். கம்பம் வந்த இரண்டாவது வாரமே என்னிடம் வந்து, "ஒரே ஒரு வண்டிக்கு எதாவது பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டார். "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ரூல் வைக்க முடியாது சார்," என்று சொல்லி அனுப்பினேன். அவர் சரிம்மா என்று போய்விட்டார். அவர் தூக்குப் பாத்திரத்தோடு பெரிய ரோட்டு ஓட்டலுக்கு நடந்து போவதைத் தினமும் ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவரை அனுப்பிய வாயால் எனக்காக எப்படிக் கேட்பது? நுணலும் தன் வாயால் கெடும். என் கதை அதுதான்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு நாள் மாநகராட்சியிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரு சீட்டு வந்தது. மேலே கதவு எண், கீழே ஒரே கேள்வி. வீட்டுக்கு ஒரு வெளி வண்டியை அனுமதிக்கலாமா? 'சம்மதம்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் குறிக்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் பேக்கரியில் வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டும். எழுதிக் கேட்டது டிராயிங் மாஸ்டர். என்னைப் பார்த்ததும், "எனக்காக இல்லம்மா. நான் ஓட்டலுக்குப் பழகிட்டேன்," என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீடு அப்பா பெயரில் இருந்தது. சீட்டை ஒரு அட்டையில் வைத்து அவருடைய இடது கைப் பக்கம் பிடித்தேன். கண்ணாடியை மாட்டிவிட்டேன். கேள்வியைப் படித்துக் காட்டினேன்.

"அப்பா, இது வந்துட்டா தம்பி தினமும் வருவான். இங்க தொடுங்க, நான் டிக் பண்றேன்," என்று 'சம்மதம்' என்ற கட்டத்தைக் காட்டினேன்.

சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். கோர்ட்டுக் காகிதம் படித்த கண். பிறகு இடது கை ஆள்காட்டி விரல் மெல்ல ஊர்ந்து வந்து 'வேண்டாம்' என்ற கட்டத்தில் நின்றது.

தெரியாமல் தொடுகிறார் என்று நினைத்து விரலை எடுத்து மாற்றி வைத்தேன். திரும்பவும் அங்கேயே போயிற்று.

"சொல்லிட்ட," என்றார்.

"என்னப்பா?"

"நீ... சொல்லிட்ட. எல்லார்... முன்ன."

அன்று கூட்டத்தில் நடந்ததையெல்லாம் நான்தான் அவருக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். என் சொல்லைக் காப்பாற்றுகிறார்! நாற்பது வருடம் கோர்ட்டில் சாட்சிகளிடம் சத்தியம் வாங்கியவர், மகள் சபையில் சொன்ன ஒரு சொல்லை மாற்றக்கூடாது என்று படுக்கையில் கிடந்துகொண்டு காப்பாற்றுகிறார்.

"நான் சொன்னது தப்புப்பா! வீம்புக்குச் சொன்னேன். அதுக்குப் போய் நீங்க..."

விரல் நகரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கட்டிலில் கிடக்கிற மனிதரிடம் கத்தினேன்.

"அப்ப உங்களுக்கு அவன் வேணாமா? அவன் வர வேணாமா?"

அவர் இடது கண்ணில் தண்ணீர் கட்டி காதுப் பக்கம் வழிந்தது. வாயைக் கோணிக்கொண்டு, ரொம்பக் கஷ்டப்பட்டு, "வேணும்," என்றார். "வேணும்... வேணும்." விரலை மட்டும் எடுக்கவில்லை.

நான் மாற்றிப் போட்டிருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் சாப்பிடுவதிலிருந்து கழுவுவது வரை அந்த மனிதருக்கு எல்லாவற்றையும் அடுத்தவர்தான் செய்ய வேண்டியிருந்தது. மூன்று வருடத்தில் அவராக முடிவு செய்த ஒரே விஷயம் அந்தச் சீட்டு. அதையும் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. 'வேண்டாம்' என்பதில் டிக் போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. டாக்டர் சொன்ன அதே நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். கடைசி நாள் தம்பி வேலையிலிருந்து அப்படியே யூனிபார்மோடு வந்தபோது எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவன் அழவில்லை. நர்ஸிடம் வெந்நீர் கேட்டு வாங்கினான். பையிலிருந்து ரேசரை எடுத்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டான். மீசையைச் சரியாக ஒதுக்கினான். இந்த முறை கதை எதுவும் சொல்லவில்லை.

ஓட்டு எண்ணுகிற நாள் அதற்கு அடுத்த ஞாயிறு. அப்பா படுத்திருந்த வாடகைக் கட்டிலைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கத் தம்பி வந்திருந்தான். செயலாளர் இல்லாமல் பெட்டியைத் திறக்கக்கூடாது என்பதால் நான் போனேன். கையில் ஸ்பானரோடு அவனும் கூட வந்து கதவோரம் நின்றான்.

பேக்கரிக்காரர்தான் சீட்டுகளைப் பிரித்துப் படித்தார். "ஒண்ணாம் நம்பர், சம்மதம். மூணாம் நம்பர், சம்மதம்." சம்மதம், சம்மதம் என்று போய்க்கொண்டே இருந்தது. என்னோடு சண்டை போட்டவர்களும் சம்மதம், எனக்காகக் கைதட்டியவர்களும் சம்மதம். பேக்கரிக்காரர் தன் சீட்டைப் படிக்கும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "முப்பத்தெட்டு, சம்மதம்," என்றார். எல்லோரும் எங்கள் வீட்டுக்காகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஐந்து மாதமாக என் வீட்டு ஜன்னலைத் தெருவே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு கடைசியில் கிடந்தது. அதையும் அதே வேகத்தில் பிரித்தார். "பதினேழாம் நம்பர், வேண்..." என்று நிறுத்திவிட்டார்.

பதினேழு எங்கள் வீடு.  டிராயிங் மாஸ்டர் குனிந்து செருப்பைப் பார்த்தார். முப்பத்தைந்து சம்மதம், ஒன்று வேண்டாம் என்று பேக்கரிக்காரர் முணுமுணுத்துவிட்டு, சீட்டை மற்றவற்றுக்கு அடியில் செருகினார். கேலி பேச அவருக்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். தம்பி கட்டிலுக்கு அருகில் குந்தி, நாலு நட்டையும் கழற்றினான். தலைப்பக்கத்துச் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"அக்கா, வீடு அப்பா பேர்லதானே இருக்கு? அவர்தான சொல்லணும். அவரு வேணாம்னாரா?"

நான் அவன் முதுகைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துவிடுவேன். ஆனால் அதன் பிறகு ஆயுசுக்கும் ஒவ்வொரு காலையும் ஏழு பத்துக்கு இவனுக்கு அதுதான் ஞாபகம் வரும்: அப்பா என்னை வேண்டாம் என்றார். கௌரவம், சத்தியம், கோர்ட்டு என்று நான் எவ்வளவு விளக்கினாலும் அது போகாது.

"அவர்ட்ட நான் கேக்கவே இல்லடா," என்றேன். "நானேதான் போட்டேன்."

"ஏன்?"

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்ல."

எழுந்து நின்று என்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து நான் என்ன செய்தாலும் சரிதான்கா என்று சொன்னவன். அன்று சொல்லவில்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"வேணும்னு சொல்லியிருப்பாரு," என்றேன். "மூணு தடவ சொல்லியிருப்பாரு."

அப்போதுதான் அவன் அழுதான். கழற்றிப் போட்ட கட்டில் நடுவில் நின்று, ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் கிட்டே போனேன். தோளில் கை வைக்க விடவில்லை.

கட்டிலை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. போன் செய்தால் எடுக்கிறான். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு என்றெல்லாம் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை.